சேலைச் செலவுக்குப் பயந்து வேலையை மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறேன். வயது 32. பொள்ளாச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிடித்தம் போகக் கையில் 19,500 ரூபாய் வருகிறது. அடிப்படைச் சம்பளம் 12,000, அதில் பி.எஃப். 1,440 பிடிக்கிறார்கள். நான் சேர்ந்து அடுத்த ஜூனோடு ஐந்து வருடம் முடிகிறது.

டீச்சர்கள் சேலைதான் கட்ட வேண்டும் என்பது எங்கள் பள்ளி விதி. திங்களும் வியாழனும் பள்ளிச் சேலை. வருடா வருடம் ஜூனில் டிசைனை மாற்றி இரண்டு சேலை கொடுத்து, 2,900 ரூபாயைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் நம் இஷ்டம். ஆனால் கட்டினதையே கட்டிப் போனால், "என்ன டீச்சர், போன வாரமும் இதுதானே?" என்று கேட்டுவிடுவார்கள். கூட வேலை பார்க்கிற ஒரு டீச்சர் சேலை வியாபாரம் செய்கிறார். லஞ்ச் பெல் அடித்ததும் ஸ்டாஃப் ரூம் மேசையில் கிடக்கிற நோட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பையைப் பிரிப்பார். மாதத் தவணை என்பதால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. அவருக்கு நான் 11,400 ரூபாய் பாக்கி. கிரெடிட் கார்டில் 8,200 நிற்கிறது, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறேன். வங்கியில் மாதா மாதம் கட்டுகிற ஆர்.டி.யில் 14,000 இருக்கிறது.

போன வருடக் கணக்கை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பள்ளிச் சேலை இரண்டும் அதற்கு ஜாக்கெட்டும் 3,800. மற்றபடி வாங்கிய 13 சேலைக்கு 15,300, அதற்கு ஃபால்ஸ், ஜாக்கெட் தையல் 7,150. இஸ்திரி 3,000. செருப்பு, பை 1,900. ஆக மொத்தம் 31,150 ரூபாய். பீரோவில் 34 சேலை இருக்கிறது. கட்டுவது ஒன்பதோ பத்தோதான், மற்றதில் ஜாக்கெட் பிடிக்கிறது.

இப்போது பாலக்காட்டில் ஒரு பள்ளியில் 17,800 தருகிறோம், ஓணம் லீவு முடிந்து சேருங்கள் என்கிறார்கள். அங்கே சுடிதார் போடலாம். பஸ்ஸுக்கும் தினம் 34 ரூபாய் குறையும். சேலையில் 31,150, பஸ்ஸில் 7,140 மிச்சம். சம்பளத்தில் 20,400 குறைவு. கழித்துப் பார்த்தால் வருடம் 17,890 லாபம் வருகிறது. வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையில் இருக்கிறார். அவருக்கு யூனிஃபார்மும் ஷூவும் கம்பெனியே கொடுக்கிறது. "உனக்கு மட்டும் என்ன இந்தத் தண்டச் செலவு, இங்கேயே வந்துவிடு" என்கிறார். போகலாமா?

பதில்: கணக்கு டீச்சர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. கூட்டலும் கழித்தலும் சரி. ஆனால் அந்த 31,150 முழுவதையும் பள்ளி விதியின் தலையில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளி கேட்பது சேலை. புதுச் சேலை கேட்பது ஸ்டாஃப் ரூம். பள்ளிச் சேலைக்கு 3,800, இஸ்திரிக்கு 3,000, செருப்புக்கும் பைக்கும் 1,900, இதெல்லாம் விதிக்காக ஆகிற செலவு. மற்ற நாட்களுக்குச் சேலை நைந்து போகும், வருடத்துக்கு நான்கு புதிதாக வாங்கலாம். ஒன்று 700, தையலோடு 1,250 என்று வைத்தால் 5,000. மொத்தம் 13,700. மீதி 17,450 ரூபாயை எந்தத் தலைமையாசிரியரும் உங்களிடம் கேட்கவில்லை. "போன வாரமும் இதுதானே" என்ற ஒரு வாக்கியத்துக்கு நீங்கள் கட்டிய தொகை அது.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. எனக்கு வருகிற கடிதங்களில் ஆசிரியைகள், நகைக்கடை, ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்கள், ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்காருகிறவர்கள் எல்லாருக்கும் இந்தச் செலவு இருக்கிறது. யாரும் இதற்குத் தனிப் பெயர் வைப்பதில்லை. வீட்டுச் செலவோடு கலந்துவிடும். நீங்களாவது எழுதி வைத்தீர்கள். சம்பளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் உடுப்புக்குப் போகிறது என்பது எழுதினதால்தான் தெரிந்தது.

இப்போது பாலக்காட்டுக்குப் போவோம். சுடிதார் என்றால் சும்மா வந்துவிடாது. வருடத்துக்கு ஆறு செட் எடுக்க மாட்டீர்களா? தையலோடு 1,400 வீதம் 8,400. இஸ்திரி கொஞ்சம் குறையும், 1,700 வைக்கலாம். செருப்பு, பை அதே 1,900. ஆக 12,000. அந்த ஸ்டாஃப் ரூமிலும் ஒருவர் பையைப் பிரிக்க மாட்டார் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. ஆகவே அவசியச் செலவோடு அவசியச் செலவை ஒப்பிட்டால் சேலைக்கும் சுடிதாருக்கும் வித்தியாசம் 1,700 ரூபாய்தான். அதோடு பஸ் மிச்சம் 7,140 சேர்த்து, சம்பளக் குறைவு 20,400-ஐக் கழித்தால் வருடம் 11,560 ரூபாய் நஷ்டம். லாபம் என்று நீங்கள் நினைத்தது இப்படித் திரும்பிவிடுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அடுத்த ஜூனோடு ஐந்து வருடம். அதுதான் கிராஜுவிட்டிக்கான, அதாவது வேலையை விடும்போது நிர்வாகம் தர வேண்டிய பணிக்கொடைக்கான தகுதிக் காலம். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அது உண்டா என்று நீண்ட நாள் இழுபறி இருந்தது. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றார்கள். பள்ளி நிர்வாகங்கள் வழக்குக்குப் போயின. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற பள்ளி என்றால் உங்களுக்கும் உண்டு. 12,000 ரூபாயை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்தால் பெருக்குங்கள். 34,615 ரூபாய் வரும். ஓணம் முடிந்து விலகினால் இதை விட்டுவிட்டுப் போகிறீர்கள். நாலு வருடம் 240 நாள் இருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதுண்டு. இருந்தாலும் ஐந்தை முழுசாக முடித்துவிட்டால் யாரிடமும் போய் வாதாட வேண்டியதில்லை.

பி.எஃப். விஷயமும் அப்படித்தான். உங்களிடம் பிடிக்கிற 1,440-க்குச் சமமாகப் பள்ளியும் 1,440 போடுகிறது. அதில் ஆயிரம் ரூபாய் போல் பென்ஷன் கணக்குக்கும், மீதி பி.எஃப். கணக்குக்கும் போகும். வருடத்துக்கு 17,280. புதுப் பள்ளியில் பி.எஃப். உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா? பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். பி.எஃப். இல்லாத இடத்துக்குப் போனால் அந்த எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும். அதோடு ஏப்ரல், மே மாதச் சம்பளம். லீவு மாதத்துக்குச் சம்பளம் தராத தனியார் பள்ளிகள் மலைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. ஒரு மாதம் தரவில்லை என்றாலே 17,800 போச்சு.

ஆகவே பணக் கணக்கில் என் பதில், இப்போது போகாதீர்கள். அடுத்த ஜூன் வரை இருங்கள்.

பணத்தைத் தாண்டிய காரணம் இருந்தால் அது வேறு. காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு, கோபாலபுரம் வழியாக வருகிற கூட்டமான பஸ்ஸில் ஒரு கையில் முந்தானையும் இன்னொரு கையில் டிபன் பையுமாக நிற்கிற அலுப்புக்கு நான் விலை போட முடியாது. அதற்காக வருடம் 11,560 ரூபாய் விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் தாராளமாகப் போகலாம், ஜூனுக்குப் பிறகு. லாபம் என்று நினைத்து மட்டும் போக வேண்டாம்.

சரி, இருக்கிற இடத்தில் என்ன செய்வது? முதலில் கார்டு. டீச்சருக்குத் தர வேண்டிய 11,400-ஐ நினைத்தால் தினமும் முகம் பார்க்கச் சங்கடமாக இருக்கும், அதை முதலில் அடைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி இல்லை. வட்டியை விலையிலேயே ஏற்றி வாங்கிவிட்டார், இனிமேல் வளராது. கார்டு அப்படி இல்லை. மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 8,200-க்கு 287 ரூபாய், வருடக் கணக்கில் 42 சதவீதம். ஆர்.டி.யில் உங்களுக்குக் கிடைப்பது ஏழு சதவீதத்துக்குள்தான் இருக்கும். இந்த வாரமே ஆர்.டி.யை முடித்துக் கார்டை முழுசாக அடையுங்கள். முன்கூட்டி முடிப்பதற்கு வட்டியில் ஒரு சதவீதம் போல் பிடிப்பார்கள், அது பெரிய தொகை இல்லை. மீதி 5,800-ஐ அவசரத்துக்கென்று வங்கியிலேயே விட்டுவையுங்கள்.

அப்புறம் அந்த 34 சேலை. கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி "மற்றதில் ஜாக்கெட் பிடிக்கிறது" என்பதுதான். உங்களிடம் சேலைக்குப் பஞ்சமில்லை, இறுக்கிப் பிடிக்காத ஜாக்கெட்டுக்குத்தான் பஞ்சம். சேலை பத்து வருடம் ஆனாலும் நம் உடம்போடு ஒத்துப்போகும், ஜாக்கெட் இரண்டு வருடத்தில் சண்டைக்கு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் எடுத்துப் போட்டு, உள்ளே தையலுக்குத் துணி விட்டிருக்கிற ஜாக்கெட்டுகளைத் தனியாக வையுங்கள். பன்னிரண்டு தேறினால், பிரித்துத் தைக்க ஒன்றுக்கு 80 வீதம் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். பிரிக்க முடியாதவற்றுக்கு, சரிசெய்ததிலேயே கறுப்பு, மெரூன் என்று இரண்டைப் பொது ஜாக்கெட்டாக வைத்துக்கொண்டால் போதும், ஏழெட்டுச் சேலைக்குப் பொருந்தும். ஆயிரம் ரூபாயில் இருபது சேலை "புதுசாக" வந்துவிடும். இனி தைக்கும்போது டெய்லரிடம் உள்ளே ஒன்றரை இஞ்ச் விடச் சொல்லுங்கள்.

இந்த ஒரு வருடம் புதுச் சேலையே வாங்காமல், ஜாக்கெட் சரிசெய்யும் ஆயிரத்தோடு நிறுத்தினால், உடுப்புச் செலவு 9,700-இல் நிற்கும். போன வருடத்தைவிட 21,450 குறைவு. உங்கள் இரண்டு கடனும் சேர்த்து 19,600. டீச்சருக்கு மாதம் 1,500 கொடுத்தால் எட்டு மாதத்தில் முடிந்துவிடும், கார்டுக்காக உடைத்த ஆர்.டி.யையும் மறுபடி தொடங்கிவிடலாம். அவர் பையைப் பிரிக்கும்போது எழுந்து போக வேண்டாம், அது மனஸ்தாபம் ஆகும். "பழைய பாக்கி முடியட்டும் டீச்சர், அப்புறம் எடுத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். பாக்கி வர வேண்டியவர் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார்.

கடன் முடிந்த பிறகு, சம்பளம் வந்த அன்றே 1,150 ரூபாயை உடுப்புக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். ஜூனில் பள்ளிச் சேலைக்குப் பிடிக்கிற 2,900-உம் அதில்தான் அடக்கம். தினப்படிக்கு ஸ்டாஃப் ரூம் விலையில் எடுக்காதீர்கள். பொள்ளாச்சிக்குப் பக்கத்திலேயே நெகமம் இருக்கிறது. அந்தக் கைத்தறிப் பருத்திச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்று வாங்கினால் வருடக் கணக்கில் உழைக்கும், ஆனால் கஞ்சியும் இஸ்திரியும் கேட்கும். அதனால் இரண்டுக்கு மேல் வேண்டாம். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி உண்டு, வருடத்துக்கு வேண்டிய நான்கையும் அப்போதே எடுத்துவிடலாம்.

வீட்டுக்காரர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆலையில் யூனிஃபார்ம் கம்பெனிச் செலவு. பள்ளியில் அதே யூனிஃபார்ம் டீச்சர் செலவு. டிசைனைப் பள்ளி முடிவு செய்கிறது, வருடா வருடம் மாற்றுகிறது, பணம் மட்டும் உங்களுடையது. இது எனக்கும் சரியாகப் படவில்லை. நீங்கள் ஒருவராகப் போய்க் கேட்காதீர்கள். நாலைந்து டீச்சர்கள் சேர்ந்து தாளாளரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம். டிசைனை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது ஒன்று. தீபாவளிக்குப் பள்ளிச் சேலையையே பரிசாகத் தரலாமே என்பது இன்னொன்று. போனஸுக்குப் பதிலாகத் தருகிறேன் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சுடிதாரையும் கேட்டுப் பார்க்கலாம். கேரளத்தில் ஆசிரியைகளைச் சேலை கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று 2021 நவம்பரில் உயர்கல்வித் துறை உத்தரவே போட்டது. தமிழ்நாட்டில் 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை அரசாணையிலும் சேலையோடு சல்வார் கமீஸும் துப்பட்டா போட்ட சுடிதாரும் இருந்தது. தனியார் பள்ளியை இவை கட்டுப்படுத்தாது. ஆனால் கோட்டையிலேயே சுடிதார் போடலாம் என்றால் ஐந்தாம் வகுப்பில் ஏன் கூடாது என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டுக்காரருக்காகச் சொல்கிறேன். யூனிஃபார்ம் படி என்று சம்பளத்தில் தனியாக வந்தால், பழைய வரி முறையில் உண்மையில் செலவழித்த அளவுக்கு விலக்கு உண்டு, புதிய முறையில் கிடையாது. உங்கள் சம்பளத்துக்கு எந்த முறையிலும் வரி வராது, அதை விட்டுவிடலாம்.

பாலக்காட்டுப் பள்ளிக்கு முடியாது என்று சொல்லி வாசலை அடைத்துவிடாதீர்கள். அடுத்த ஜூனில் சேரலாமா, பி.எஃப். உண்டா, ஏப்ரல், மே சம்பளம் உண்டா, சுடிதார் அனுமதி விதியிலேயே இருக்கிறதா அல்லது இப்போதைய பிரின்ஸிபால் வாய்வார்த்தையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் 19,000-ஐத் தொட்டு, பி.எஃப்.பும் உண்டு என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது கணக்கு வேறு மாதிரி வரும்.