செருப்புக்குக் காவல்

கேள்வி: வயது 23. மார்பு பெருத்திருக்கிறது. வெயிலிலும் பனியனுக்கு மேல் இரண்டு சட்டை. பெசன்ட் நகர் கடலில் நண்பர்கள் குளிக்கும்போது நான் மட்டும் கரையில் செருப்புக்குக் காவல். கண்ணாடி பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது.
– வேளச்சேரி வாசகர்

பதில்: தம்பி, அந்தக் காவலை நானும் இருந்திருக்கிறேன். என்னை ‘ஒட்டடைக்குச்சி’ என்பார்கள். மே மாதத்திலும் முழுக்கைச் சட்டைதான். வலி தெரியும்.

ஆண்களுக்கு மார்பு பெருப்பது சகஜம். பருவ வயதில் வந்தது பெரும்பாலும் 2 ஆண்டுக்குள் வற்றிவிடும். உங்களுக்கு நீடிப்பதால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். சில மாத்திரைகளாலும், ஜிம் ஸ்டீராய்டாலும்கூட வரும்.

அப்புறம், கண்ணாடி முன் உங்களைத் திட்டுகிறீர்களே, அதே வார்த்தையை நண்பனிடம் சொல்வீர்களா? மனம் ரொம்பக் கனத்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். இந்த ஞாயிறு சட்டையோடே கடலில் இறங்குங்கள், பரவாயில்லை.