வயலோர ஓட்டு வீட்டிற்கு எத்தகைய அலங்கார விளக்குகள் பொருந்தும்?

கும்பகோணத்திற்கு அருகில், வயலை ஒட்டிய ஓட்டு வீட்டின் திண்ணை, முற்றம், தோட்டம் ஆகியவற்றில் அலங்கார விளக்குகள் அமைக்க வழி கேட்டிருக்கிறீர்கள். முதலில் எண்ண வேண்டியது பூச்சிகளைப் பற்றித்தான். நெற்பயிரைத் தாக்கும் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சிகள் இரவில் வெளிச்சத்தை நாடி வருபவை என்பதால்தான் உழவர்கள் வயலில் விளக்குப்பொறி வைக்கிறார்கள். நீல ஒளி மிகுந்த 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை விளக்கைத் திண்ணையில் எரியவிட்டால், உங்கள் வீடே அத்தகைய பொறியாகிவிடும். 2700 கெல்வின் அல்லது அதற்கும் குறைந்த மஞ்சள் எல்இடி விளக்குகளை, ஒளி தரையை நோக்கி மட்டும் விழுமாறு பொருத்தினால் பூச்சித் தொல்லை குறையும். மரத்தூண்களின் செதுக்கல்களும் அந்த ஒளியில்தான் எடுப்பாகத் தெரியும்.

முற்றத்திற்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்றே போதும். காவிரி வண்டலில் அச்செடுத்து வார்க்கப்படும் அந்தப் பித்தளை விளக்கு புவிசார் குறியீடு பெற்றது. அதைச் சுற்றி வண்ணச் சரவிளக்குகளைத் தொங்கவிடுவது என் கண்ணுக்குப் பொருந்தவில்லை.

தோட்டத்திற்கு 12 வோல்ட் விளக்குகள் பாதுகாப்பானவை. கம்பங்களில் பொருத்துபவற்றிற்கு ஐபி 65 தரம் (தூசும் நீரும் புகாமல் காக்கும் திறனைக் குறிக்கும் எண்) போதும். தரையில் பதிப்பவற்றிற்கு ஐபி 67 வேண்டும், ஏனெனில் வடகிழக்குப் பருவமழையின்போது டெல்டாவின் களிமண்ணில் தேங்கும் நீர் எளிதில் வடியாது. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவியையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள். சூரிய ஒளி விளக்குகள் ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் முன்னிரவிலேயே மங்கிவிடக்கூடும். தென்னை மட்டை விழும் இடத்தில் மட்டும் எந்த விளக்கையும் நடாதீர்கள்.