காசநோய் மருந்து கேட்கிறதா? எச்.ஐ.வி உள்ளவருக்கு எதை வைத்து அறிவது

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பிக்கு எச்.ஐ.வி-யும் நுரையீரல் காசநோயும் ஒரே சமயத்தில் தெரியவந்தன. காசநோய் மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் எச்.ஐ.வி-க்கான ஏ.ஆர்.டி மருந்தும் தொடங்கினார்கள். காய்ச்சல் விட்டுப் பசியும் எடுத்தது. இரண்டு மாதம் முடியும் இந்த நேரத்தில் மறுபடியும் காய்ச்சல் வருகிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. சேலத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் எடுத்த ஜீன் எக்ஸ்பர்ட்டில் கிருமி இருப்பதாக வந்தது. மருந்து கேட்கவில்லையா? ஏ.ஆர்.டி-யை நிறுத்திவிடலாமா?

பதில்: மருத்துவர் சொல்லாமல் இரண்டில் எதையும் நிறுத்த வேண்டாம். உங்களைக் கலங்கவைத்த அந்த ஜீன் எக்ஸ்பர்ட் முடிவை முதலில் ஒதுக்கிவையுங்கள். அது கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை; செத்த கிருமியின் மரபணுவும் சளியில் பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில் தங்கியிருக்கும் என்பதால், நோயைக் கண்டறிய மிகவும் உதவும் அது, சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க உதவாது. அதற்கு உரியது, இரண்டாம் மாத முடிவிலும் சிகிச்சை முடிவிலும் எடுக்கப்படும் சளி நுண்ணோக்கிப் பரிசோதனை. அதில் கிருமி தெரிந்தால், காசநோயின் முக்கிய மருந்துகளான ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் ஆகியவற்றுக்கு எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஆனால் எச்.ஐ.வி உள்ளவர்களின் சளியில் கிருமி குறைவாகவே இருப்பது வழக்கமாதலால், தொடக்கத்திலேயே கிருமி தென்படாதவருக்கு இப்போதும் தென்படவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியடைய முடியாது. இருமல், காய்ச்சல், பசி, எடை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

எடையை மாதந்தோறும் ஒரே தராசில், ஸ்வெட்டரையும் செருப்பையும் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மலைக் குளிருக்குப் போடும் கனத்த ஸ்வெட்டரே ஏறக்குறைய ஒரு கிலோ காட்டி, ஏறாத எடையை ஏறியதாகக் காட்டிவிடும். காசநோய் மாத்திரையின் எண்ணிக்கையும் எடையைப் பொறுத்ததே: 35 முதல் 49 கிலோ வரை நாளுக்கு மூன்று, 50 முதல் 64 கிலோ வரை நான்கு.

இனி காய்ச்சலுக்கும் நெறிக்கும் வருவோம். ஏ.ஆர்.டி தொடங்கிய முதல் மூன்று மாதங்களுக்குள், மீண்டெழும் நோய் எதிர்ப்பாற்றல் உடலில் எஞ்சியிருக்கும் கிருமிகளின் மீது வேகமாகப் பாய்வதால், நன்றாகத் தேறிவந்தவருக்கே காய்ச்சல் திரும்புவதும் நெறி பெரிதாவதும் உண்டு. மருத்துவர்கள் இதை ஐரிஸ் என்பார்கள். உங்கள் தம்பிக்கும் இதுவாக இருக்க வாய்ப்பிருக்கிறது. ஆயினும் மருந்து எதிர்ப்பு, மாத்திரை விட்டுப்போனது, வயிற்றுப்போக்கால் மருந்து உடலில் சேராதது, வேறு தொற்று ஆகியவை இல்லை என்று பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும். ஐரிஸ்தான் என்று உறுதியானால், பெரும்பாலும் இரு சிகிச்சைகளையும் தொடர்ந்தபடியே, வீக்கம் அதிகமாக இருந்தால் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள்.

பலரும் கேட்கத் தவறும் ஒன்றையும் ஏ.ஆர்.டி மையத்தில் கேளுங்கள். ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி மருந்தான டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். ஆகவே அவருடைய கூட்டு மருந்தில் டோலுடெக்ராவிர் இருந்தால், 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரண்டாம் முறையாகவும் எடுக்க வேண்டும். ரிஃபாம்பிசின் முடிந்த பின்னும் இரண்டு வாரம் அது தொடர வேண்டும். தோட்ட வேலைக்கு விடியற்காலையில் கிளம்புகிறவர்களிடம் இந்த இரண்டாவது மாத்திரை எளிதில் விட்டுப்போகிறது. எத்தனை மீதியிருக்கின்றன என்று நீங்களே அன்போடு எண்ணிப் பாருங்கள்.

கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, மூச்சுத்திணறல், கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல், இரவானாலும் 108-ஐ அழைத்து, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரைக் கீழே அழைத்து வந்துவிடுங்கள்.