ஏழு, எட்டு ஃப்ளூரின்கள்: இனக்கலப்பு பற்றிச் சில கேள்விகள்

கே: அயோடின் ஹெப்டாஃப்ளூரைடின் எஸ்பி³டி³ இனக்கலப்பில் (ஓர் எஸ், மூன்று பி, மூன்று டி ஆர்பிட்டால்களின் கலவையில்) எந்த மூன்று டி ஆர்பிட்டால்கள் சேரும்?

ப: ஐந்து ஃப்ளூரின்கள் எக்ஸ்-ஒய் தளத்திலும் இரண்டு இசட் அச்சிலும் இருந்தால் டி-இசட்², டி-எக்ஸ்ஒய், டி-எக்ஸ்²−ஒய்². மற்ற இரண்டின் மதிப்பும் அந்தத் தளத்திலும் அச்சிலும் சுழி. அவற்றை எழுதினால் விடை தவறு.

கே: அந்த 5டி ஆர்பிட்டால்கள் உண்மையிலேயே பிணைக்கின்றனவா?

ப: மிகக் குறைவாக. 5பி-யைவிட அவற்றின் ஆற்றல் வெகு அதிகம். 5எஸ், 5பி மட்டுமே கொண்டு பாருங்கள். அச்சின் இரு பிணைப்புகளும் எஸ்பி வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு எலக்ட்ரான் இணை. தளத்தில் அயோடினிடம் மிஞ்சுவது பி-எக்ஸ், பி-ஒய் இரண்டுதான். அயோடின் தரும் 5, ஃப்ளூரின்கள் தரும் 5, ஆக ஆறு மையங்களில் 10 எலக்ட்ரான்கள். இந்த ஐந்து இணைகளில் வலுவாகப் பிணைப்பவை இரண்டே. மற்றவை பெரும்பாலும் ஃப்ளூரின்கள் மேலேயே தங்கும். அச்சில் 1.786 ஆங்ஸ்ட்ராமாக இருக்கும் பிணைப்பு நீளம் தளத்தில் 1.858 ஆவது இதனால்தான். எஸ்பி³டி³ என்பது சமச்சீர் கணக்குக்கான பெயர். அதற்கு மேல் மதிப்புத் தர வேண்டாம்.

கே: குளோரின் ஹெப்டாஃப்ளூரைடு ஏன் இல்லை?

ப: ஏழு ஃப்ளூரின்கள் சுற்றி நிற்கக் குளோரினைச் சுற்றி இடமில்லை.

கே: செனான் ஹெக்ஸாஃப்ளூரைடு சீரான எண்முகி என்றே என் கணக்கீடு காட்டுகிறது. எங்கே பிழை?

ப: முதலில் சமச்சீர்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். மூன்று ஃப்ளூரின்களைச் சற்றே விலக்கிவைத்து மீண்டும் உகமமாக்கி, அதிர்வெண்களையும் கணக்கிடுங்கள். எண்முகிக்குக் கற்பனை அதிர்வெண் வந்தால் அது நிலையான வடிவம் அல்ல. செனானுக்கு 28 உள் எலக்ட்ரான்களை மாற்றீடு செய்யும் சார்பியல் விளைவுற்ற உள்ளக நிலையாற்றலும், முனைவாக்கும் சார்புகள் கொண்ட மும்மடி ஸீட்டா அடிப்படைத் தொகுதியும் (ஆர்பிட்டால்களை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பு) தேவை. இங்கே ஆற்றல் பரப்பு மிகத் தட்டையானது. அதனால் முறையை மாற்றினால் விடையும் மாறும். அடர்த்திச் சார்பியம் (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் முறை) ஒன்றை மட்டும் நம்பாமல், எலக்ட்ரான்களின் இடைவினையை நேரடியாகக் கணக்கில் கொள்ளும் இணைந்த கொத்து முறையிலும் சரிபாருங்கள். 5எஸ்-இல் உள்ள, பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இணை வெற்று 5பி நிலையோடு கலந்து ஒரு முகத்தின் வழியே துருத்துகிறது: இரண்டாம்படி யான்-டெல்லர் விளைவு (இப்படிக் கலப்பதால் சீரான வடிவம் குலைந்து ஆற்றல் குறைவது). வாயு நிலையில் அது எட்டு முகங்களுக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

கே: எட்டு ஃப்ளூரின்கள் கனசதுரமாக நிற்குமா?

ப: நிற்கும், எஃப் ஆர்பிட்டால் தேவை. கனசதுரத்தின் எட்டு சிக்மா பிணைப்புகளுக்கு எஸ், மூன்று பி, மூன்று டி போக எட்டாவதாகப் பொருந்துவது எஃப்-எக்ஸ்ஒய்இசட் மட்டுமே. சோடியம் டான்டலம் ஆக்டாஃப்ளூரைடில் டான்டலத்தைச் சுற்றிச் சதுர எதிர்ப்பட்டகம் (ஒன்றுக்கொன்று திரும்பி நிற்கும் இரு சதுரங்கள்); அதே வாய்பாடுள்ள புரோட்டாக்டினியச் சேர்மத்தில் கனசதுரம். 5எஃப் பிணைப்பதற்கு இதை மட்டுமே சான்றாகக் கொள்ளாதீர்கள்: புரோட்டாக்டினியம் பெரிய அயனி, படிக அடுக்கமும் அந்த வடிவத்துக்குத் துணைபோகும்.