42 பெட்டி கொடுத்தேன், 37 வந்தது

குடோனில் வைத்த சாமான் திரும்பி வரவில்லை என்று இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். சென்னையில் பழைய அடுக்ககங்களை இடித்துக் கட்டுவது கூடிவிட்டது. இரண்டு வருடத்துக்கு வீட்டையே பெட்டியில் போட்டு மாதவரம், செங்குன்றம் பக்கம் அனுப்பிவிடுகிறோம். வம்பு அங்கே ஆரம்பிக்கிறது.

கேள்வி: அடுக்ககத்தை இடித்துக் கட்டுவதால் 42 பெட்டிகளை மாத வாடகைக்கு ஒரு ஸ்டோரேஜ் நிறுவனத்தில் வைத்தேன். திரும்பி வந்தவை 37. கேட்டால், “எங்கள் பொறுப்பு மொத்தமே 5,000 ரூபாய்தான், பில்லின் பின்பக்கம் பாருங்கள்” என்கிறார்கள். அவ்வளவுதானா? (மடிப்பாக்கம்)

பதில்: அந்தப் பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்தவர் பொருளை வாங்கி வைத்துக்கொள்பவர், விவரமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 151-ஆவது பிரிவு. தொலைந்துவிட்டால், கவனமாகத்தான் இருந்தோம் என்று காட்ட வேண்டியது அவர்கள். நீங்கள் துப்பறியத் தேவையில்லை. ஐந்து பெட்டி எங்கே போனது என்றே சொல்லத் தெரியாத நிறுவனம் அதை எப்படிக் காட்டும்?

சரி, 5,000 ரூபாய்க்கு வருவோம். கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட உச்சவரம்பு செல்லும் என்று 1996-இல் பாரதி நிட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது கூரியர் வழக்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் எடுத்துப் போடுவார். ஆனால் பணம் கட்டிய பிறகு கையில் வந்த பில்லின் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது, நீங்கள் கையெழுத்தே போடவில்லை என்றால், அந்தத் தீர்ப்பு அவர்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. போட்டிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். கட்டுமான நிறுவனத்தின் ஒருதலையான நிபந்தனைகள் ஃபிளாட் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம் கூறியது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தனி வரையறையே இருக்கிறது. அந்த நிபந்தனையே செல்லாது என்று கேட்பதானால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு மட்டும் கேட்டால் மாவட்ட ஆணையம் போதும்.

செலவை நினைத்துத் தயங்குபவர்கள் அதிகம். ஆணையத்தில் கட்டும் கட்டணம், நீங்கள் கேட்கும் இழப்பீட்டுத் தொகையை வைத்து வருவதில்லை. நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்த பணத்தை வைத்துத்தான். அது 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு வருடம். அதற்கு முன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: தொலைந்த பெட்டியில் அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள், மிக்ஸி, கல்யாண ஆல்பம் இருந்தன. ஒன்றுக்கும் பில் இல்லை. எவ்வளவு கேட்பது? (திருச்சி)

பதில்: அவர்கள் கொடுத்த சாமான் பட்டியலில் ‘பாக்ஸ் 14 – கிச்சன் ஐட்டம்’ என்றுதானே இருக்கும்? பாதி வழக்குகள் அங்கேதான் சறுக்குகின்றன. உள்ளே என்ன இருந்தது என்பதை நீங்கள்தான் காட்டியாக வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு அம்மாளிடமும் இதே நிலைமைதான். பில்லும் இல்லை, பட்டியலும் இல்லை. கடைசியில் தங்கையிடம் இருந்த கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தார். சீர்வரிசை பரப்பி வைத்த படம் ஒன்று. அண்டா, தவலை, குடம், குத்துவிளக்கு எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. குடத்தின் கழுத்தில் பெயர் வெட்டியிருந்ததைக்கூடப் படிக்க முடிந்தது. நம் வீடுகளில் இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. பழைய பொங்கல் படங்களையும் கொலு படங்களையும் தேடிப் பாருங்கள்.

விலை போடும்போது மிக்ஸிக்குப் புது விலை கேட்காதீர்கள். எட்டு வருடம் ஓடிய மிக்ஸிக்குத் தேய்மானம் கழிப்பார்கள், அது நியாயமும்கூட. பித்தளை கதை வேறு, எவ்வளவு பழசானாலும் எடைக்கு விலை உண்டு. பாத்திரக் கடையில் அதே அளவு அண்டாவின் எடை போட்டு, இன்றைய விலையைக் கடையின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். ஆல்பத்துக்கு விலை சொல்ல முடியாது. அதை மன உளைச்சல் கணக்கில் தனியாகக் கேளுங்கள், ஆனால் கை மீறிக் கேட்காதீர்கள். 40,000 ரூபாய் சாமானுக்கு 20 லட்சம் மன உளைச்சல் என்று எழுதினால், மற்றக் கணக்கையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

கேள்வி: டிசம்பர் மழையில் குடோனுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் நாசம். “கடவுள் செயல், நாங்கள் என்ன செய்வோம்” என்கிறார்கள். (வேளச்சேரி)

பதில்: 2015-ஐயும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் டிசம்பர் மழை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? கேட்க வேண்டியது வேறு: பெட்டிகளைத் தரையிலேயே வைத்தார்களா, பலகை போட்டு உயர்த்தினார்களா? எச்சரிக்கை வந்த பிறகு என்ன செய்தார்கள்? நனைந்த பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் தண்ணீர் ஏறிய கோடு தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து புணேவுக்கு லாரியில் அனுப்பிய சாமான் வழியில் தொலைந்தது. இதுவும் அதே சட்டமா? (கோயம்புத்தூர்)

பதில்: இல்லை, 2007-ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். சாமானின் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் லாரி வாடகையைப் போல் பத்து மடங்குதான் உச்சம். “பார்க்கிறோம் சார், பார்க்கிறோம் சார்” என்று ஆறு மாதம் இழுப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

கேள்வி: பில்லில் ‘இன்ஷூரன்ஸ் 3%’ என்று பணம் வாங்கினார்கள். பாலிசி எண் கேட்டால் பதில் இல்லை. (ஈரோடு)

பதில்: பாலிசி கொடுக்கக்கூடியது இன்ஷூரன்ஸ் கம்பெனி மட்டுமே. பாலிசி எடுக்காமல் பணம் மட்டும் வாங்கியிருந்தால் அதையே தனிக் குற்றச்சாட்டாகப் புகாரில் எழுதுங்கள்.

கேள்வி: சாமான் வந்து இறங்கும்போது, “எல்லாம் சரியாக வந்தது” என்று கையெழுத்துப் போட்டால்தான் ஆட்கள் கிளம்புவார்களாம். போடலாமா? (தாம்பரம்)

பதில்: போடுங்கள். ஆனால் கையெழுத்துக்கு மேலே, “பெட்டி எண் 8, 14, 29 வரவில்லை. மற்றவை பிரித்துப் பார்க்கப்படவில்லை” என்று உங்கள் கையால் எழுதி, அந்தத் தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.