உப்புக்காற்றுக்கு எந்தத் துணித்திரை? கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் 16 வருடமாக ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறேன். நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பாம்பன்: அக்கா, கடலிலிருந்து 300 அடியில் வீடு. ரோலர் (குழாயில் சுருளும் திரை) நல்லதா, ரோமன் (மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் திரை) நல்லதா? எந்தத் துணி எடுக்கலாம்?

தம்பி, துணியை அப்புறம் பார்ப்போம். முதலில் திரைக்குள் எங்கெங்கே இரும்பு இருக்கிறது என்று பாருங்கள். என் வீட்டுக்கு முதன்முதலில் தைத்த ரோமன் திரையில், கனம் வேண்டும் என்று அடி மடிப்புக்குள் இரும்புக் கம்பியைச் செருகினேன். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி இரண்டே மாதம். வெள்ளைத் துணியின் குறுக்கே செம்மண்ணில் கோடு இழுத்தது போலத் துருக்கறை. எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. நல்ல துணி, மனசு கேட்கவில்லை.

அதிலிருந்து அடியில் அலுமினியப் பட்டை, நடுவில் ஃபைபர் கம்பி, பின்னால் பிளாஸ்டிக் வளையம்தான் போடுகிறேன். ரோலர் வாங்கினால் குழாய் அலுமினியமாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். குழாயில் ஒட்டினால் அது இரும்பு, வாங்க வேண்டாம். ஸ்க்ரூ எஸ்எஸ் 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) என்று கேட்டு வாங்குங்கள். 304 ரகத்தை விட விலை கூடுதல், ஆனால் உப்பை நன்றாகத் தாங்கும்.

துணியில் பாலியஸ்டர் ஈரத்தை இழுக்காது, கடல் பார்த்த ஜன்னலுக்கு அதுவே என் தேர்வு. காட்டன் மேல் ஆசை என்றால் ரோமனாகத் தைத்து, மேல் கட்டையில் வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள். கழற்றித் துவைக்கலாம். வெட்டும் முன் துணியை நனைத்துக் காயப்போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி ஜன்னலுக்குப் பத்தாமல் போகும்.

தங்கச்சிமடம்: வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயில் விழாதே அக்கா, மெல்லிசுத் துணி போதும்தானே?

நம் ஊரில் விழும். சித்திரை பிறக்கிற சமயம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் போகிறது. கோடை முழுக்க, அதுவும் காலையிலும் சாயங்காலமும், வடகடல் பார்த்த ஜன்னலுக்கு வெயில் உண்டு. தெற்கு ஜன்னலுக்கு மார்கழி, தை மாதங்களில் வரும். அதனால் வடக்குக்கும் கொஞ்சம் கெட்டியான துணியே எடுங்கள்.

கீழக்கரை: தங்கச்சி, மாடி ஹாலுக்கு வெளிச்சமும் காற்றும் வேணும். எதிர்வீட்டுக்குத் தெரியவும் கூடாது.

சரி லாத்தா, பகலுக்கு சன்ஸ்கிரீன் துணி இருக்கிறது. சல்லடை மாதிரி நெசவு. 3%, 5%, 10% என்று சொல்வது துணியில் எவ்வளவு இடம் திறப்பு என்ற கணக்கு. எதிர்வீடு பக்கத்தில் என்றால் 3% எடுங்கள். அடர்ந்த நிறம் என்றால் உள்ளேயிருந்து பார்க்க வெளியே தெளிவாகத் தெரியும், வெளிர் நிறம் வெக்கையைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும்.

ஆனால் ராத்திரி விளக்கைப் போட்டதும் எல்லாம் தலைகீழ், வெளியே இருப்பவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள். பின்னால் இன்னொரு கெட்டித் திரை கட்டாயம் வேண்டும். காற்றும் இந்தத் துணி வழியே கொஞ்சம்தான் வரும். காற்று வேண்டிய நேரத்தில் பாதி தூக்கிவிடுங்கள்.

தொண்டி: வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கயிறு வைத்த திரை போடலாமா?

வேண்டாம். தொங்கும் கயிறு பிள்ளையின் கழுத்தைச் சுற்றினால் சத்தமே வராது. கயிறில்லாத ஸ்பிரிங் ரோலர் போடுங்கள். ஏற்கெனவே கயிறு இருந்தால் தரையிலிருந்து 5 அடிக்கு மேல் கொக்கி அடித்துச் சுற்றிக் கட்டுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் இன்றைக்கே ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள்.

ஏர்வாடி: அளவு எப்படி எடுப்பது?

ஜன்னல் நிலைக்குள் மாட்டுவதானால் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எடுத்து, குறைந்ததைக் கொடுங்கள். நிலைக்கு வெளியே அறைச் சுவரில் மாட்டுவதானால் இருபுறமும் 3 அங்குலம் கூட்டுங்கள். கதவு உள்பக்கம் திறக்கிற பழைய மர ஜன்னல் என்றால் நிலைக்கு மேலே சுவரில்தான் மாட்ட முடியும்.

உச்சிப்புளி: வெளிச்சமே விடாத பிளாக்அவுட் துணி போட்டும் மேற்கு அறையில் வெக்கை குறையவில்லையே?

வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் உங்கள் துணி அதைப் பிடிக்கிறது. அந்தச் சூடு அறைக்குள்ளேயே சுற்றும். பின்பக்கம் வெள்ளையாக உள்ள துணி என்றால் கொஞ்சம் உதவும். அதைவிட நல்லது, ஜன்னலுக்கு வெளியே ஒரு பனையோலைத் தட்டி கட்டிப் பாருங்கள். திரை தைத்துப் பிழைக்கிற நானே என் மேற்கு ஜன்னலுக்கு அதைத்தான் கட்டியிருக்கிறேன்.

ராமேஸ்வரம்: ரோலரை எப்படித் துடைப்பது?

முதலில் காய்ந்த பிரஷ்ஷால் உப்பையும் மணலையும் தட்டிவிடுங்கள். ஈரத்துணியை நேரே வைத்தால் மணல் துணியைக் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு என்றால் அது வேண்டாம். நன்றாகக் காயும் வரை கீழே இறக்கியே விடுங்கள். வாடைக் காலத்தில் ஈரத்தோடு சுருட்டினால் நாலு நாளில் கரும்புள்ளி விழும்.