மகப்பேறு ஆய்வுகளைக் கொள்கையாக்கும் வேலை என்றால் என்ன செய்வார்கள்?

பொது சுகாதாரம் படிக்கும் நீங்கள் இதைக் கேட்டது நல்லது; இந்த வேலைக்கு ஆள் குறைவு.

பிரசவத்துக்குப் பின் வரும் அதிக ரத்தப்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து பற்றிய 'வுமன்' ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 21 நாடுகள், சுமார் 20,000 பெண்கள். குழந்தை பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தபோது ரத்தப்போக்கால் நேர்ந்த இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் தன் பரிந்துரையைத் திருத்தியது.

சரி, கிராமத்து மருத்துவமனைக்கு மருந்து வந்துவிட்டதா? அங்கேதான் இந்த வேலை தொடங்குகிறது. நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறதா, யார் வாங்குவது, எவ்வளவு செலவு? மருத்துவர் இல்லாத இரவில் செவிலியரே நரம்பு வழியாகச் செலுத்த விதி இடம் தருகிறதா? என்னைக் கேட்டால், இந்தக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். மூன்று மணி நேரம் யாருக்காகவும் காத்திருக்காது.

தொற்றுநோயியலும் (நோய்கள் மக்களிடையே யாருக்கு, எதனால் வருகின்றன என்று ஆராயும் துறை) கொஞ்சம் சுகாதாரப் பொருளாதாரமும் படியுங்கள். அப்புறம், நூறு பக்க ஆய்வை அமைச்சக அதிகாரிக்கு இரண்டு பக்கத்தில், எண்களைத் திரிக்காமல் எழுதிப் பழகுங்கள். பிரசவ அறையில் வேலை செய்பவர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். எந்த விதி நடைமுறைக்கு ஒத்துவராது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.